பஞ்சண்ணன் ஃபோல்டருக்குள் புகுந்த படலம்

வாழ்க பஞ்சண்ணன்! அட்டைப்பெட்டிகளின் அரசன், ஒட்டுநாடா உரியும் ஓசையால் உறங்கும் கிடங்கை எழுப்புபவன், குமிழித்தாள் போர்வை போர்த்திக் கோடி கண்ணாடிக் கோப்பைகளைக் குலையாமல் காத்தவன், ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோவை நான்காம் மாடியிலிருந்து ஒரு கீறல் விழாமல் கீழே கொண்டுவந்தவன், கொண்டுவந்து வைத்த அக்கணமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு “அய்யோ அம்மா” என்று முழங்கி மண்ணில் அமர்ந்தவன், அன்றுமுதல் அகன்ற பட்டையொன்றை அரைக்கவசமாய் இறுக்கி, மார்புக்குச் சந்தனம் பூசாமல் முதுகுக்குத் தைலம் பூசி, அந்த வாடை முன்னே செல்லத் தான் பின்னே செல்பவன், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியின் பேக்கிங் மேஸ்திரி, பஞ்சண்ணன் வாழ்க! கண்ணாடிச் சாமானைப் பஞ்சைத் தொடுவதுபோலத் தொடுவதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அவன் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது.

காவியம் பாடுமுன் ஒரு தெய்வத்தை வணங்கிக் காப்புக் கேட்பது பெரியோர் வகுத்த நெறி. யாம் மின்சாரத்தை வணங்குகிறோம். சுவரின் மூன்று துளையில் உறைபவளே, கம்பிவழி நடந்து காற்றாடிவழி அருள்பவளே, கட்டணம் கட்டாதவரைக் கடைக்கண்ணாலும் பாராதவளே, இந்தப் போர் முடியும்வரை போய்விடாதே தாயே! நீ ஒருமுறை கண் சிமிட்டினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய போர் இது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம்: காவியத் தலைவனை ‘அவன்’ என்று பாடுவதே மரபு என்பதால் அப்படிப் பாடுகிறோம். நேரில் பார்த்தால் யாமும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம்.

நாடு கேட்டு மூண்ட போர்கள் உண்டு. நங்கை பொருட்டு மூண்ட போர்கள் உண்டு. இது நாற்காலி பொருட்டு மூண்ட போர். கிடங்கின் மூலையில் பலகை அடித்துத் தடுத்த ஓர் அறை. அறைக்குள் ஒரு மேசை. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர். அதன் எதிரே, ஐந்து சக்கரம் பூண்டதும், அமர்ந்தவர் மனம்போல் சுழல்வதும், இடுப்புக்கென்றே புடைத்த திண்டு உடையதும், தேர் என்றும் அரியணை என்றும் துணிந்து சொல்லத்தக்கதுமாகிய ஒரு நாற்காலி. அதில் வீற்றிருந்து லேபிள் அச்சடித்தும், வண்டி நேரம் குறித்தும் கம்பெனியை நடத்திவந்தவள், எல்லாரும் தங்கச்சி என்றழைக்கும் அலுவலகப் பெண். அவள் பிரசவ விடுப்பில் போகும் காலம் நெருங்கிவிட்டது. நாற்காலி காலியாகப் போகிறது என்ற செய்தி கிடங்கெங்கும் பரவியது.

பஞ்சண்ணனுக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. ஆசையால் அல்ல. இடுப்பைத் தடவிப் பார்த்த மருத்துவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்: “இன்னொரு பீரோ தூக்கினீங்கன்னா, அப்புறம் உங்களைத்தான் நாலு பேரு தூக்கணும்.” தூக்காத மேஸ்திரிக்கு அந்தக் கம்பெனியில் வேறு இடம் கிடையாது. மாலைதோறும் வீடு திரும்பி, கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து காலை நீட்டுவான் நம் வீரன். குனிய முடியாத அவனுடைய ஷூ நாடாவை மனைவி தரையில் உட்கார்ந்து அவிழ்ப்பாள். எதற்கெடுத்தாலும் ஏதாவது சொல்கிறவள், அந்த நேரத்தில் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

எதிரி இல்லாத காவியம் ஏது? முதலாளியம்மாவின் உடன்பிறந்த தம்பி, வெயில் படாத மேனியன், விரல் நோகா வினைஞன், முதுகுக்குப் பின்னால் எல்லாரும் ‘சீட்டுக்கட்டு’ என்று அழைக்கும் செம்மல், அவனும் அந்த நாற்காலிமேல் கண்வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடி, வென்ற மறுகணம் கட்டு முழுவதும் துள்ளிச் சரியும் அந்த வெற்றிக் காட்சியைத் தங்கச்சியின் சாப்பாட்டு இடைவேளைதோறும் கண்டு களித்தவன் அவன். அதனால் தனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று அவன் நம்பினான். உலகில் பலரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கச்சியிடம் பஞ்சண்ணனின் பயிற்சி தொடங்கியது. முதற்போர் மவுஸுடன். அம்பு எய்த வீரரை ஆயிரம் காவியம் பாடியிருக்கலாம். அம்பைத் தேடிய வீரனை யாமே பாடுகிறோம். திரையில் ஒரு வெள்ளை அம்பு நின்றது. பஞ்சண்ணன் மவுஸை முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினான், அம்பும் நகர்ந்தது. மேலும் நகர்த்தினான், மேசை முடிந்தது, அம்பின் பயணம் முடியவில்லை. மனம் தளராத மாவீரன் மேசையின் விளிம்பைக் கடந்து, பக்கத்துச் சுவரின்மேல் மவுஸை ஏற்றி, சுவர்வழியே ஓட்டத் தலைப்பட்டான்.

“அண்ணே, அப்படிப் போகாதீங்க. தூக்கி இந்தப் பக்கம் வைங்க.”

“டாக்டர் எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா.”

இரண்டாம் போர் இன்னும் கொடியது. எதைத் திறக்க வேண்டுமானாலும் அதன்மேல் அம்பை நிறுத்தி, இருமுறை, இடைவெளியின்றி, டக்டக்கென்று தட்ட வேண்டும் என்றாள் தங்கச்சி. கண்ணாடியோடு முப்பதாண்டு வாழ்ந்த விரல் எதையும் அப்படித் தட்டுமா? ஒருமுறை தட்டும், ஏதேனும் விரிசல் விட்டதா என்று காதுகொடுத்துக் கேட்கும், ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் மறுமுறை தட்டும். இவ்வாறு மெல்லத் தட்டினால் அந்த எந்திரம் திறப்பதில்லை. மாறாக, பொருளின் பெயர்மேல் நீலம் பூசி, ‘இதற்கு வேறு பெயர் வைக்கப் போகிறாயா’ என்பதுபோல் ஒரு சிறு கோட்டைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். “அது பேர் மாத்துற இடம்ணே, அதை விடுங்க, சட்டுன்னு தட்டுங்க” என்பாள் தங்கச்சி. “உடைஞ்சிரும்மா” என்பான் பஞ்சண்ணன். இந்த உரையாடல் எத்தனை முறை நிகழ்ந்தது என்று எண்ணியவர் இல்லை.

ஆனால் மூன்றாம் பாடம் வந்தபோது அவன் முகம் மலர்ந்ததே, அதைப் பாட எம் நாவுக்கு வலிமை போதாது. புத்தகத்தில் எழுதுவோர் கோப்புறை என்றும், மற்ற எல்லாரும் ஃபோல்டர் என்றும் சொல்லும் அந்த மஞ்சள் நிற வஸ்துவைச் சுட்டித் தங்கச்சி சொன்னாள்: “இது ஒரு பெட்டிண்ணே, அவ்வளவுதான். உள்ள ஃபைல் போடலாம். இன்னொரு பெட்டியைக்கூட உள்ள வைக்கலாம்.”

பெட்டிக்குள் பெட்டி! கேட்டவுடன் நிமிர்ந்தான் பஞ்சண்ணன். இடுப்புப் பட்டை கிறீச்சிட்டது. அந்நிய நாட்டில் அலைந்தவன் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டதுபோல் இருந்தது அவனுக்கு. ஒரு பெட்டியைப் பிரதி எடுக்கவும், எடுத்ததை வேண்டிய இடத்தில் ஒட்டவும் இரண்டிரண்டு பொத்தான்களை அவள் காட்டித் தந்தபோது, “இவ்வளவுதானா? இதைத்தானேம்மா நான் காலமெல்லாம் செஞ்சிட்டிருக்கேன்” என்று முழங்கினான். தங்கச்சி மகிழ்ந்தாள். அவள் கொஞ்சம் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் பேக்கிங் தொழிலுக்கென்று சில அறங்கள் உண்டு. உடையும் பொருள் எதுவும் வெளிப்பெட்டியின் சுவரைத் தொடலாகாது. ஆதலால் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. பெட்டிக்குள் வெற்றிடம் இருக்கலாகாது. இருந்தால் பொருள் ஆடும், ஆடினால் உடையும். ஆதலால் இண்டு இடுக்கெல்லாம் பழைய பேப்பரைக் கசக்கி அடைத்துவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலான அறம் ஒன்று: விலை உயர்ந்த பொருள் உள்ள பெட்டியின்மேல் அதன் பெயரை எழுதலாகாது. வெள்ளிக் குத்துவிளக்கு என்று எழுதிய பெட்டி வழியிலேயே கால் முளைத்துப் போய்விடும். எவனும் திரும்பிப் பார்க்காத ஒரு பெயரை எழுத வேண்டும். பஞ்சண்ணன் எப்போதும் எழுதும் பெயர் ‘பழைய துணி’.

இந்த அறத்தால் அவன் குடும்பமே ஒருமுறை ஆட்டம் கண்டதுண்டு. சொந்த வீடு மாறிய நாளில், மனைவியின் வளையல்களை அவன் அவ்வாறே பொதிந்துவைக்க, அதை அறியாத அவளோ வாசலில் வந்த பழந்துணிக்காரரிடம் அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். பிறகு உண்மை தெரிந்து, காலில் செருப்புமின்றி, இரண்டு தெரு தாண்டி ஓடி, மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அதை மீட்டுவந்தாள். அன்று அவள் பேசிய பேச்சு அச்சேறத் தக்கதல்ல.

விடுப்புக்கு முந்தைய நாள் மாலை. தங்கச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரையில் இருந்த ஒரு ஃபைலைக் காட்டினாள். கண்ணாடித் தம்ளர் படமும், மேல்நோக்கிய அம்புக்குறியும், கம்பெனியின் போன் நம்பரும் கொண்ட லேபிள் அது. எந்தப் பெட்டி கிடங்கைவிட்டுப் போனாலும் அந்த லேபிள் ஒட்டப்பட்டுத்தான் போகும். ஏற்றுகிறவர்கள் எழுத்தைப் படிக்க நிற்பதில்லை, தம்ளரைப் பார்த்தால் மட்டும் கையை மெதுவாக்குவார்கள். “நானே உக்காந்து வரைஞ்சதுண்ணே. இது ஒண்ணுதான் இருக்கு. பத்திரமா ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்திரமாக! எவரிடம் என்ன சொல்கிறோம் என்று அந்தப் பெண் யோசித்திருக்கலாம்.

தனித்துவிடப்பட்ட தலைவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். லேபிளின்மேல் அம்பை நிறுத்தினான். தட்டினான், காதுகொடுத்தான், மறுபடி தட்டினான். வழக்கம்போல் பெயர்மேல் நீலம் பூத்தது, கோடு சிமிட்டியது. பெட்டியின்மேல் என்ன எழுத என்று எந்திரம் கேட்பதாகவே அவன் கை புரிந்துகொண்டது. மனத்தைக் கேட்காமல், முப்பதாண்டுப் பழக்கத்தில், ஒவ்வோர் எழுத்தாய்த் தேடிப்பிடித்து அந்தக் கையே எழுதி முடித்தது. பிறகு அதை ஒரு பெட்டிக்குள் வைத்தான். அந்தப் பெட்டியை ‘சாய்க்காதே’ என்ற பெட்டிக்குள் வைத்தான். அதைக் ‘கவிழ்க்காதே’க்குள், அதை ‘மேல்பக்கம் இது’க்குள், இப்படியே ஏழு சுற்று மதில் எழுப்பி, வெளிமதிலுக்குக் ‘கவனம்’ என்று பெயரிட்டான்.

மதில் எழுந்தது, வெற்றிடம் எஞ்சியது. திரையெங்கும் வெள்ளை வெளேரென்று கிடந்த வெற்றிடத்தைக் கண்டு அவன் நெஞ்சு பதறியது. உள்ளே ஆடுமே! அடைக்கப் பேப்பர்? ஒரு வெறும் பெட்டியை உண்டாக்கிப் பிரதி எடுத்தான். ஒட்டும் பொத்தானை அழுத்தினான். அழுத்திய விரலை எடுக்க மறந்தான். ஆகா, என்ன சொல்வோம்! மழை ஓய்ந்த இரவில் ஈசல் புறப்படுவதுபோல் மஞ்சள் பெட்டிகள் புறப்பட்டன. பத்தாய், நூறாய், வரிசை வரிசையாய்த் திரையை நிறைத்து, திரைக்குக் கீழும் இறங்கி நிறைந்தன. வாழ்நாள் முழுவதும் பழைய பேப்பருக்கு அலைந்தவன் அவன். பேப்பர் போதாமல் சொந்தத் துண்டைக் கசக்கி அடைத்த நாளும் உண்டு. அடைக்க அடைக்கத் தீராத ஓர் உலகத்தை முதன்முதலாய்க் கண்டு அவன் கண் பனித்தது. ஏழு மதிலுக்குள்ளும் இண்டு இடுக்கின்றி அடைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை ஓர் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் குடுவைகள் அத்தனையும் பெட்டிகளில் அடங்கி, வாசலில் லாரி நிற்க, ஓட்டுநர் ஹாரனைச் சங்காய் முழக்க, முதலாளியம்மா அறைக்குள் வந்து லேபிள் கேட்டார்.

“பத்திரமா இருக்கும்மா” என்றான் பஞ்சண்ணன்.

“எங்க இருக்கு?”

“பத்திரமா.”

திறந்து காட்டினான். ‘கவனம்’ திறந்தது. கடல்போல் விரிந்தன வெறும் பெட்டிகள். தான் அடைத்த பேப்பரே தனக்கு எதிராய் அணிவகுத்து நிற்பதைக் கண்டான் நம் தலைவன். நிஜப் பெட்டி என்றால் தூக்கிப் பார்க்கலாம், கனம் சொல்லும். ஆட்டிப் பார்க்கலாம், சத்தம் சொல்லும். இங்கோ எல்லாம் ஒரே நிறம், ஒரே பருமன், எல்லாமே ஊமை. தங்கச்சிக்குப் போன் போட்டார்கள். அவள் ஸ்கேன் எடுக்க உள்ளே போயிருப்பதாக அவள் புருஷன் சொன்னார். லாரி மறுபடி முழங்கியது.

அப்போது வாசலில் நிழலாடியது. சீட்டுக்கட்டு வந்துவிட்டான். “நகருங்கண்ணே, இதெல்லாம் உங்களுக்கு வராது. அக்கா, நான் எடுத்துத் தர்றேன்.”

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். லாரியையும் பார்த்தார். பிறகு, மூவுலகும் கேட்க, குறைந்தபட்சம் கிடங்கில் இருந்த எல்லாரும் கேட்க, பிரகடனம் செய்தார்: “யாரு அந்த லேபிளை இப்ப எடுத்துக் குடுக்கிறீங்களோ, இந்த நாற்காலி அவங்களுக்கு. இன்னொருத்தர் போய்ப் பெட்டி தூக்குங்க. அவ்வளவுதான்.”

பெட்டி தூக்குவது! பஞ்சண்ணனின் இடுப்பு அந்தச் சொல்லைக் கேட்டே ஒருமுறை சுளித்தது. சீட்டுக்கட்டோ நாற்காலியில் சாய்ந்து, ஒரு சுற்றுச் சுழன்று, களத்தில் இறங்கினான். முதலில் ‘லேபிள்’ என்று பெயர் கொடுத்துத் தேடினான். அப்படி ஒன்றும் இல்லை என்றது எந்திரம். ‘தம்ளர்’ என்று கொடுத்தான், இல்லை. இனி முற்றுகைதான் என்று மதில்களைத் தாக்கினான். வெறும் பெட்டியைத் திறந்தான், மூடினான். அடுத்ததைத் திறந்தான், மூடினான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. முதல் மதில் வீழ்ந்தது, இரண்டாவது வீழ்ந்தது, உள்ளே போகப்போகப் பெட்டிகள் பெருகினவே தவிரக் குறையவில்லை. “யாரு இப்படிப் பண்ணி வச்சது?” என்று அலறினான். பஞ்சண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதற்கிடையே ஏற்றுகிற ஆள் ஒருவர், அவசரத்துக்குக் கையால் வரைந்தால் என்ன என்று கேட்டார். வரையும் பணியும் சீட்டுக்கட்டின் தலையிலேயே விழுந்தது. அவன் வரைந்த தம்ளர் வாளியைப் போல இருந்தது. அதை ஒட்டிய முதல் பெட்டியைக் கண்ட இன்னொருவர், அதன்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் போனார். முதலாளியம்மா போட்ட சத்தத்தில் பீடி கீழே விழுந்தது. கையால் வரையும் யோசனையும் அத்தோடு போயிற்று.

ஏழாம் மதிலும் வீழ்ந்தது. உச்சிவேளை நெருங்க, சீட்டுக்கட்டு கருவறையை அடைந்தான். அங்கும் வெறும் பெட்டிகள். அவற்றின் அடியில் ‘பழைய துணி’ என்றொரு ஃபைல். அவன் அதைப் பார்த்தான். பஞ்சண்ணனின் தொழிலறம் எவ்வளவு வலியது என்பதை யாம் இங்கே நின்று வியக்கிறோம். ஏனெனில் எதைத் தேடி ஏழு மதில் உடைத்தானோ அதை நேருக்கு நேர் பார்த்தும், “துணியாம் துணி” என்று முனகி, அங்கிருந்த எல்லாவற்றையும் ஒரே வாரலாய் வாரி, திரையின் மூலையிலிருந்த குப்பைத்தொட்டிக்குள் கொட்டிவிட்டான். சீட்டு விளையாடியே பழகியவன். ஆட்டம் முடிந்தால் கலைத்துவிடத்தான் தோன்றும்.

“ஒண்ணுமே இல்லக்கா. எல்லாம் குப்பை. சுத்தம் பண்ணிட்டேன். தொட்டியையும் காலி பண்ணிட்டா இடமாவது கிடைக்கும்” என்றான்.

முதலாளியம்மா பஞ்சண்ணனைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, அதைவிடக் கொடியதான வருத்தம் இருந்தது அந்தப் பார்வையில். அந்தக் கணத்தில் நம் தலைவன் நாற்காலியைக் கண்டான். நாற்காலிக்கு அப்பால் வாசலையும், வாசலில் அடுக்கிய பெட்டிகளையும், பெட்டிகளுக்கு அப்பால் கட்டிலோரத்தில் தரையில் அமர்ந்து நாடா அவிழ்க்கும் ஒரு தலையின் வகிட்டையும் கண்டான். அழுதுவிடக் கூடாது என்று தைல பாட்டிலை எடுத்து மோந்தான்.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. தினமும் அந்த நேரத்துக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும் மனைவி.

“மாத்திரை போட்டீங்களா?”

“ஒரு பொருளைக் காணோம்மா.”

“மூக்குக் கண்ணாடியா? மேல் பையில பாருங்க.”

“இல்ல, ஆபீஸ் பொருள். நானே பத்திரமாத்தான் வச்சேன்.”

“நீங்க பத்திரமா வச்சீங்கன்னா அதுமேல சம்பந்தமில்லாம எதையாவது எழுதியிருப்பீங்க. என் வளையலுக்கு என்ன எழுதினீங்க? செருப்புகூடப் போடாம அந்த ஆளு பின்னாடி ஓடினேனே, மறந்துபோச்சா?”

இடி விழுந்தது, மின்னல் வெட்டியது, நேற்று மாலை கை எழுதியதை இன்று மதியம் மனம் படித்தது. “தம்பி! பழைய துணின்னு ஒண்ணைப் பாத்தியா?” என்று கர்ஜித்தான் பஞ்சண்ணன்.

“ஆமா. அதையும்தான் குப்பையில போட்டேன். ஏன்?”

திரையைப் பார்த்தான் தலைவன். ‘இவற்றை நிரந்தரமாக நீக்கவா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது எந்திரம். ‘ஆம்’ என்ற சொல்லின்மேல் நின்றது வெள்ளை அம்பு. அம்பின் மறுமுனையில் மவுஸ். மவுஸின்மேல் சீட்டுக்கட்டின் விரல். விரலோ கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“விரலை எடு! தொடாதே!”

கிடங்கு அதிர்ந்தது. ஏற்றுகிறவர்கள் ஏற்றுவதை நிறுத்தினார்கள். லாரி ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். முப்பதாண்டில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதன் எழுப்பிய அந்த முழக்கத்தில் சீட்டுக்கட்டு மவுஸை விட்டதோடு நில்லாமல், நாற்காலியோடு சேர்ந்து உருண்டு, எதிர்ச் சுவர்வரை போய்ச் சேர்ந்தான். போனில் மனைவி “என்னாச்சு? என்னாச்சுங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஞ்சண்ணன் நின்றபடியே மவுஸைப் பற்றினான். அம்பை மெல்ல நகர்த்தி ‘இல்லை’மேல் வைத்துத் தட்டினான். கேள்வி மறைந்தது. இனி தொட்டியைத் திறக்க வேண்டும். இருமுறை, இடைவெளியின்றி. ஆட்காட்டி விரலே, நீ தொட்ட கோப்பைகள் எத்தனை, காத்த ஜாடிகள் எத்தனை! இந்த ஒருமுறை மட்டும் உடைந்தால் உடையட்டும் என்று அவன் துணிந்தான். டக்டக். திறந்தது! கற்றுக்கொண்ட நாள்முதல் கைகூடாத அந்த வித்தை, கண்ணிமைக்கும் நேரத்தில் கைகூடியது. யாம் எழுந்து நின்று கைதட்டுகிறோம். படிப்பவரும் விரும்பினால் தட்டலாம்.

தொட்டிக்குள் குப்பை மலைபோல் குவிந்து கிடந்தது. ஆனால் பழந்துணிக்காரரின் மூட்டைகளுக்கு நடுவே வளையலைத் தேடியெடுத்தவளின் கணவன் அல்லவா அவன்? தேடும் கட்டத்தில் பெயரை இட்டான். ‘ப’ எளிதில் அகப்பட்டது. ‘ழை’க்கு எழுத்துப் பலகையை இரண்டு முறை சுற்றிவர வேண்டியிருந்தது. ‘துணி’ வந்தபோது குப்பையெல்லாம் மறைந்து, ஒன்றே ஒன்று, அந்த ஒன்றே ஒன்று, திரையின் நடுவில் நின்றது. வலது பொத்தானை அழுத்தி ‘மீட்டெடு’ என்று ஆணையிட்டான். அது எழுந்தது, ஏழு மதிலுக்குள் இருந்த தன் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அங்கே போகும் வழி பஞ்சண்ணனுக்கு மறந்திருந்தது. சீட்டுக்கட்டுக்கோ, காலையெல்லாம் போர்புரிந்ததால், அத்துப்படி. “இதுக்குள்ள போங்கண்ணே. இப்ப அது. இல்ல, பக்கத்துல” என்று சுவரோரத்திலிருந்தே வழிகாட்டினான். தோற்றவன் வென்றவனுக்கு வழிகாட்டிய காட்சி வேறெந்தக் காவியத்தில் உண்டோ, யாம் அறியோம். ஏழாம் கதவு திறந்தது, டக்டக், பழைய துணி விரிந்தது. கண்ணாடித் தம்ளர் பளபளத்தது.

“என் வளையல் மாதிரியே கிடைச்சிருச்சா?” என்றது போன்.

“கிடைச்சிருச்சும்மா” என்றான் பஞ்சண்ணன்.

அச்சு எந்திரம் முக்கி முனகி, தாள் தாளாய்த் தம்ளர்களை ஈன்றது. பெட்டிதோறும் தம்ளர் ஏறியது. ஏற்றுகிறவர்களின் கைகள் மெதுவாயின. லாரி கடைசியாக ஒருமுறை முழங்கிப் புறப்பட்டது. முதலாளியம்மா தம்பியைப் பார்த்தார். “அடுத்த லோடுக்கு ஆள் பத்தலையாம். போ” என்றார். பிறகு நாற்காலியைத் தம் கையாலேயே உருட்டிவந்து, “பஞ்சண்ணே, உக்காருங்க. ஆனா இனிமே பெட்டி மேல உள்ள இருக்கிறதைத்தான் எழுதணும்” என்று கடைசிப் பிரகடனம் செய்தார்.

அமர்ந்தான் பஞ்சண்ணன்! ஐந்து சக்கரத் தேரில், இடுப்புத் திண்டில் முதுகு பொருந்த, காற்றாடி தலைக்குமேல் சாமரம் வீச, தைலத்தின் நறுமணம் அறையெங்கும் அகில்புகையாய்ச் சூழ, மின்சாரத் தாய் இமைகொட்டாமல் காத்து நிற்க, ஏழு மதிலையும் அதனுள் எண்ணிறந்த வெறும் பெட்டிகளையும் படையாகக் கொண்டவன், குப்பையிலிருந்து குலதனம் மீட்டவன், டக்டக்கென்று தட்டும் வித்தை கைவரப் பெற்றவன், பெட்டி எதையும் தூக்காமல் ஒரு பகல் முழுவதையும் வென்று முடித்த வீராதி வீரன், அரியணையில் அமர்ந்தான், அமர்ந்தான்!

அன்றைக்குச் சாயங்காலம் பஞ்சண்ணன் வீட்டுக்குப் போய், தன் ஷூ நாடாவைத் தானே குனிந்து அவிழ்த்தார்.